துண்டுக்கு அடியில்

அந்த வண்டியின் ஒரு சக்கரம் கிறீச்சிடும். கண்ணைத் திறக்காமலே எனக்குத் தெரியும். மருந்து வண்டி என்றால் தகர டப்பாக்கள் ஒன்றோடொன்று வம்பளக்கிற மாதிரி கடகடவென்று வரும், துணி வண்டி பூனை மாதிரி வரும், இது ஒன்றுதான் மை போடாத பாரவண்டி கணக்காகக் கிறீச் கிறீச் என்று ஒவ்வொரு கட்டிலாக நின்று நலம் விசாரித்துக்கொண்டு வரும், அதன் பின்னாலேயே டாக்டரம்மாவின் ரப்பர் செருப்பு வரும். நெஞ்சுக்குள் பார்க்கிற பெட்டி அது. இன்றைக்கு என்னிடம்தான் வருகிறது, வரட்டும், நான் தயாராகத்தான் இருக்கிறேன். என் வாயில் ஒரு குழாய் இருக்கிறது, சுண்டுவிரல் கனம், தொண்டையைத் தாண்டி மூச்சு போகிற பாதைக்குள் இறங்கியிருக்கிறது, கன்னத்தோடு பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அதன் மறுமுனையில் ஒரு மெஷின் நின்றுகொண்டு ஸ்ஸ் என்று கொடுக்கிறது, டக் என்று நிறுத்துகிறது, நான் இழுக்கிற மூச்சுக்குக் கைத்தாங்கல் கொடுக்கிறதாம். கைத்தாங்கல் கொடுக்கட்டும், பேச்சை ஏன் பிடுங்க வேண்டும். மாட்டுத் தரகன் பொங்கியண்ணன் குரல் கேட்டால் மேற்கே பார்த்து நிற்கிற எருமை கிழக்கே திரும்பும் என்று சந்தையில் சொல்வார்கள், அந்தப் பொங்கியண்ணன் ஒரு 'ம்' கூடப் போடாமல் மல்லாந்து கிடக்கிறான். இன்றைக்கு இந்தக் குழாய் வெளியே வந்தாக வேண்டும். வராவிட்டால் கழுத்தில் ஓட்டை. நேற்றுச் சாயங்காலம் இரண்டு சின்ன டாக்டர்கள் என் கால்மாட்டில் நின்று பேசினார்கள், நான் தூங்குகிறேன் என்று நினைப்பு, "இனி எடுத்து எடுத்துப் போட முடியாதுடா, நாளைக்கும் ஆகலன்னா கழுத்துல ஓட்டை போட்டுற வேண்டியதுதான்" என்றான் ஒருத்தன், மற்றவன் கொட்டாவி விட்டான். அது கொஞ்ச நாளைக்குத்தான், அப்புறம் மூடிவிடுவார்கள் என்று சிஸ்டர் சொன்னாள். மூடுவார்கள், மூடின பிறகு பழைய குரல் வருமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் இருந்தார், பீடிக் கம்பெனியில் கணக்குப் பிள்ளை, கழுத்து ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு பேசுவார், தகரத்தில் மணலைக் கொட்டுகிற மாதிரி சத்தம் வரும். அதை நினைக்கக் கூடாது. நினைக்காதே என்றால் அதுதான் முன்னங்காலை மடக்கி நம் முன்னாலேயே படுத்துக்கொள்கிறது, வாலைத் திருகினாலும் எழுந்திருக்காது.

இந்த டாக்டரம்மா என்னைப் பார்த்த முதல் நாளிலேயே என் வாயைத்தான் திறந்து பார்த்தாள். "வாயத் தொறங்க தாத்தா, நல்லா, ஆடுற பல்லு ஏதும் உண்டுமா?" என்றாள், குரலைக் கேட்டதுமே நாகர்கோயில் பக்கம் என்று பிடித்துவிட்டேன், பெயர் பெர்லின் என்று பிறகு தெரிந்தது, மயக்கம் கொடுக்கிற டாக்டர், இந்த வார்டுக்கும் அவள்தான் பெரிய ஆள். அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. எத்தனை மாட்டு வாயைத் திறந்திருப்பேன், ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடைவாய் சேர்ந்ததா என்று உதட்டைப் பிதுக்கிப் பார்த்து வயசு சொல்லியிருப்பேன், இப்போது என் வாயைத் திறந்து ஒருத்தி வெளிச்சம் அடிக்கிறாள், விலை என்ன சொல்லப்போகிறாளோ. கவட்டையில் எனக்கு வெகுகாலமாகக் குடலிறக்கம், எலுமிச்சம்பழ அளவு, மல்லாந்து படுத்து அமுக்கினால் சொன்ன பேச்சுக் கேட்டு உள்ளே போய்விடும். அன்றைக்குச் சந்தையில் வைத்து வெளியே வந்தது போகவில்லை. அமுக்க அமுக்கக் கல்லாகிவிட்டது, கண் இருட்டியது, வாந்தி, கூடத் தரகு பார்க்கிற கவுஸ் பாய்தான் மாடு ஏற்றுகிற டெம்போவிலேயே என்னை ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தான், வழியெல்லாம் சாணி வாசம், அந்த வாசம் மட்டும் இல்லாவிட்டால் பயந்திருப்பேன். சேதி தெரிந்து என் வீட்டுக்காரி செம்பாயியும் வந்துவிட்டாள், வந்து என் தலைமாட்டில் நின்றாள், அவள் அங்கே நின்றதுதான் வினை. "கடைசியா எப்போ சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க?" என்று டாக்டரம்மா கேட்கிறாள். புரட்டாசி மாசம். எங்கள் வீட்டில் அந்த மாசம் முட்டை கூட வாசல்படி தாண்டாது, செம்பாயி பெருமாளுக்கு விரதம் இருக்கிறாள், நானும் இருப்பதாகத்தான் பேச்சு. காலையில் சந்தைக் கடையில் ரெண்டு பரோட்டாவும் ஒரு தட்டு ஈரல் வறுவலும் உள்ளே போயிருந்தது. "பச்சத்தண்ணி பல்லுல படலைங்க" என்றேன். அவள் இதே கிறீச் வண்டியைத் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள், மேல்வயிற்றில் சில்லென்று ஒரு பசையைத் தடவினாள், கன்றுக்குட்டி மூக்கால் முட்டுகிற மாதிரி ஒரு கட்டையை வைத்து அழுத்தினாள், பெட்டியைப் பார்த்தாள். "தாத்தா, வயிறு நிறைய இருக்கு, கட்டி கட்டியாத் தெரியுது. இத நான் பாக்காம மயக்கம் தந்திருந்தா, நீங்க தூங்கின பொறவு அம்புட்டும் மேல வந்து நெஞ்சுக்குள்ள எறங்கியிருக்கும். பொறவு எழும்பவே மாட்டீங்க, பாத்துக்கிடுங்க." மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டு உறிஞ்சினார்கள். பாட்டிலில் வந்து விழுந்ததைச் செம்பாயி பார்த்தாள், நான் செம்பாயியைப் பார்த்தேன், ஆபரேஷனே தேவலை என்று இருந்தது. அப்புறம் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், மேலே விளக்குகள் ஓடின, மேலே ஏதும் வந்துவிடாமலிருக்க ஒருத்தன் என் சங்கை விரலால் அமுக்கிப் பிடித்தான், பால் மாதிரி ஒரு மருந்து ஊசியில் ஏறியது, "நல்ல காரியமா நினைங்க தாத்தா" என்றாள், என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை, ஈரலை நினைத்திருப்பேன்.

குடலைச் சரிசெய்துவிட்டார்கள், தையல் காய்ந்துகொண்டு வருகிறது, மக்கர் பண்ணுவது நெஞ்சுதான், பீடி இழுத்த நெஞ்சு, சளியைப் பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. முந்தாநாள் ஒருவாட்டி குழாயை எடுத்தார்கள். அந்தக் கதையை நினைத்தால்தான், வேண்டாம், நினைத்துத்தான் ஆகவேண்டும், இன்றைக்கு நான் செய்யப்போகிறதும் அதேதானே. சின்ன டாக்டர் ஒருத்தன் மெஷினின் கைத்தாங்கலைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான், நல்ல பையன், "மூச்சு வாங்குதுங்களா ஐயா, விரல்ல காட்டுங்க, ஒண்ணுமில்லன்னா ஒண்ணு, தாங்க முடியலன்னா பத்து" என்றான். யாரிடம் கேட்கிறான் பாருங்கள். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை. விற்கிறவன் கை, வாங்குகிறவன் கை, ரெண்டுக்கும் மேலே ஒரு துண்டு. துண்டுக்கு அடியில் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, மூன்றைச் சேர்த்துப் பிடித்தால் மூன்று, உள்ளங்கையைச் சுரண்டினால் இது கட்டாது, மாற்றிச் சொல்லு என்று அர்த்தம், கட்டைவிரலை அழுத்தினால் வியாபாரம் முடிந்தது. சுற்றி நூறு பேர் நின்றாலும் முகத்தைப் பார்த்து ஒருத்தன் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, மழை வருமா என்று பேசிக்கொண்டே மாடு கைமாறிவிடும். அந்தக் கையை ஒருத்தன் வெட்டவெளியில் நீட்டச் சொல்லிக் கேட்டால் உண்மையான விலை எப்படி வரும். நெஞ்சுக்குள் ஆறுக்கு மேல் இருந்தது, ஒரு விரலைக் காட்டினேன், விரல் தானாகவே அப்படித்தான் நீண்டது. வாங்கப் போகிறவன் எடுத்ததும் குறைத்துத்தான் கேட்பான், அது பொய்யில் சேராது. பையன் நம்பினான், அவன் மேல் குற்றமில்லை, குழாயை எடுத்தான். குரல் வந்தது. கரகரவென்று, ஆனால் என் குரல். செம்பாயி உள்ளே வந்து, "புரட்டாசி மாசத்துல குடல் கறி தின்னுபோட்டு வந்து குடலு மாட்டிக்கிச்சுங்கறீங்களே, வெக்கமா இல்லீங்களா" என்று கேட்டாள். "அது குடலு இல்ல புள்ள, ஈரலு" என்றேன். "ஈரலா இருந்தா பெருமாள் விட்டுருவாராக்கும்" என்றாள். திரும்பிக்கொண்டாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்ப்பதற்குள் எனக்கு மூச்சு திணற ஆரம்பித்துவிட்டது. கிணற்றுக்குள் விழுந்த மாடு மாதிரி. மேலே வெளிச்சம் தெரிகிறது, கால் எங்கேயும் ஊன்றவில்லை. டாக்டரம்மா செருப்பு ஓடி வருகிற சத்தம் கேட்டது, ஓடி அன்றைக்குத்தான் கேட்டேன். மறுபடி பால் மருந்து, மறுபடி குழாய். ஈரல் என்று சொன்னதோடு என் பேச்சு நிற்கிறது. அதுவே கடைசிப் பேச்சாகிவிட்டால் செம்பாயி அதைச் சொல்லிச் சொல்லியே, அதனால்தான் இன்றைக்கும் ஒன்றுதான் காட்டப்போகிறேன். போன தடவை மாதிரி ஆகாது, இன்றைக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருக்கிற மாதிரித்தான் இருக்கிறது, மாதிரித்தான். மாட்டுக்குப் பள்ளை அடித்தால், விலாவுக்குப் பின்னாலே குழி விழுந்து விழுந்து எழுந்தால், எந்தத் தரகனும் கிட்டப் போகமாட்டான், என் பள்ளை அடிக்கிறதா என்று குனிந்து பார்க்க முடியவில்லை, போர்வை மூடியிருக்கிறது. போர்வை மூடியிருப்பது நல்லதுதான்.

கிறீச் நின்றது. "என்ன தாத்தா, கொள்ளாமா?" என்றாள் டாக்டரம்மா, எங்கள் ஊரில் நல்லாயிருக்கீங்களா என்பதை அவர்கள் அப்படிக் கேட்பார்கள் போலிருக்கிறது, தலையை ஆட்டினேன். மெஷினில் என்னத்தையோ திருகினாள், கைத்தாங்கல் குறைந்தது, ஸ்ஸ் என்ற சத்தம் மெலிந்தது, இனி நானே இழுக்க வேண்டும், இழுத்தேன், இழுக்கிறேன். "இப்போ நீங்களாத்தான் விடுறீங்க. கொஞ்ச நேரம் இப்படியே பாப்போம்" என்றாள். அந்த நேரம் பார்த்துத்தான் கவுஸ் பாய் உள்ளே வந்தான், காலையில் பார்க்கிற நேரம், ஒரு கட்டிலுக்கு ஒரு ஆள், செம்பாயி அவனை அனுப்பியிருக்கிறாள். அத்தர் வாசமும் புண்ணாக்கு வாசமும் சேர்ந்து வந்தது. சந்தையில் எதிர்க்கட்சித் தரகன், நான் விற்கிறவன் பக்கம் நின்றால் அவன் வாங்குகிறவன் பக்கம், அவன் கையை நான் பிடித்த அளவுக்குச் செம்பாயி கையைப் பிடித்திருக்கமாட்டேன். "என்ன மாப்ளே, அந்த மயிலக்காளை உன்னக் கேட்டுச்சு" என்றான். அவன் கையைப் போர்வைக்கு அடியில் விட்டான். என் கை அங்கேதான் இருந்தது. மழ பெய்யும் போல, வெளிய மூட்டமா இருக்குது, என்று வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டே இருக்க, அடியில் என் உள்ளங்கையைத் தட்டினான், எவ்வளவு. ஒரு விரலைக் கொடுத்தேன். சுரண்டினான். ரெண்டு கொடுத்தேன். சுரண்டினான், நகம் வெட்டாத கை. மூன்று. "செம்பாயி அக்கா ரசம் வெச்சுக் கொண்டாந்திருக்குது, உனக்கில்ல, எனக்கு" என்கிறான் மேலே, அடியில் மறுபடியும் சுரண்டுகிறான், விடமாட்டான், இந்தச் சந்தையில் என் முகத்தைப் பார்க்காமலே என் விலையைச் சொல்லக்கூடியவன் அவன் ஒருத்தன்தான். அஞ்சையும் கொடுத்தேன். சுரண்டவில்லை, விரலை விடவும் இல்லை. இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். என் கட்டைவிரலை அழுத்தினான். முடிந்தது. கையை வெளியே எடுத்தான், துடைத்துக்கொண்டான், டாக்டரம்மா பக்கம் திரும்பினான். "டாக்டரம்மா, இவன் விரல்ல காட்டுறத நம்பாதீங்க. விக்கிறப்ப கூட்டிக் காட்டுவான், வாங்குறப்ப குறைச்சுக் காட்டுவான். இப்ப இவன் வாங்க வந்திருக்கான். உள்ள ஆறு இருக்குது."

காட்டிக் கொடுத்துவிட்டான். நாற்பது ஊர்ச் சந்தை பார்த்தவன், துண்டுக்கு அடியில் பேசினதை வெளியில் சொல்லிவிட்டான், இதைச் சந்தையில் செய்திருந்தால் அவனை ஒருத்தனும் சேர்க்கமாட்டான். முறைத்தேன். குழாயோடு முறைத்தால் யாருக்குப் பயம் வரும். "ஆறா? முந்தாநாள் ஒண்ணுன்னுல்லா சொன்னாரு" என்றாள் டாக்டரம்மா. "அவனுக்கு ஒண்ணுன்னா ஆறுன்னு வெச்சுக்குங்க" என்றான் பாய், போகும்போது என் காலைப் போர்வையோடு ஒரு பிடி பிடித்துவிட்டுப் போனான், கண்ணைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான், ஓட்டைதான், கணக்குப் பிள்ளை, தகரம், மணல். சில்லென்று பசை. கன்றுக்குட்டி மூக்கு இந்த வாட்டி விலாவில் வந்து முட்டியது. "நீங்களும் பாருங்க தாத்தா" என்று பெட்டியை என் பக்கம் திருப்பினாள். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துவிட்ட மாதிரி ஒரு கலங்கல், அதற்குள் வெள்ளையாக ஒரு கோடு, வளைந்த கோடு, இறங்குகிறது, ஏறுகிறது. "இதுதான் நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல உள்ள திரை. இது எறங்கினாத்தான் மூச்சு உள்ள வரும். வலது பக்கம் நல்ல வேலை செய்யுது, கண்டீங்களா." கண்டேன். இழுத்தேன், இறங்கியது. விட்டேன், ஏறியது. பள்ளை. என் பள்ளையை நானே பார்க்கிறேன், உள்பக்கமாகப் பார்க்கிறேன், எத்தனை மாட்டுக்கு வெளியில் நின்று பார்த்துப் பார்த்து ஊகித்திருப்பேன், நல்லா இருக்கிறதே, நான் வாங்குகிறவனாக இருந்தால் இந்த உருப்படியை விடமாட்டேன். சிஸ்டர் என்னை ஒருக்களித்துப் பிடித்தாள், இடது முதுகுப் பக்கம் கட்டை போனது. டாக்டரம்மா கட்டையை அங்கேயே அழுத்திப் பிடித்தாள். பெட்டியில் கருப்பு. கோட்டுக்கு மேலே ஒரு கருப்புக் குட்டை, அதற்குள் என் நெஞ்சின் ஒரு துண்டு நனைந்த வாழைச்சருகு மாதிரி அசைந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் கோடு இறங்கத் திணறுகிறது. "தண்ணி கட்டியிருக்கு" என்றாள், "முந்தாநாள் இம்புட்டு இல்ல. பாய் சொன்ன ஆறு இதுதான்." என் முகத்துக்கு நேரே குனிந்தாள். "தாத்தா, இது பொய் சொல்லாது. ஆனா இது சொல்லுறது பாதிதான். மிச்சப் பாதி உங்களுக்குத்தான் தெரியும், அத நீங்க எனக்குத் தரணும். நீங்க என்கிட்ட விலை பேசாண்டாம், நான் உங்களுக்க பக்கம் நிக்கிற ஆளு."

என் பக்கம் நிற்கிற ஆள். இதை யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, தரகனுக்குப் பக்கம் கிடையாது. பெட்டியைப் பார்த்துக்கொண்டே விலா எலும்புக்கு நடுவில் ஊசி போட்டாள், மரத்துப்போனது, அப்புறம் பெரிய ஊசி, நுனி அந்தக் கருப்புக் குட்டைக்குள் வெள்ளைப் பொட்டாக வந்து நின்றதைப் பார்த்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பார்த்தேன். பாட்டிலில் தண்ணீர் இறங்கியது, கோமியம் நிறம், இவ்வளவையும் நெஞ்சில் வைத்துக்கொண்டா ஒன்று என்று சொன்னேன், யாரை ஏமாற்ற, எந்த மாட்டை யார் தலையில் கட்ட. தண்ணீர் இறங்க இறங்க இடது பக்கம் ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. இருமல் வந்தது, சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "நல்லதுதான், விரியுது" என்றாள் டாக்டரம்மா. ஊசியை எடுத்துப் பஞ்சு வைத்து ஒட்டி நிமிர்த்திப் படுக்கவைத்தார்கள். மெஷின் இன்னும் மெலிந்த கைத்தாங்கலில்தான் நின்றது. நேரம் போனது, எவ்வளவு என்று தெரியாது, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை, எங்கேயோ ஒரு ஸ்டூல் இழுபட்டது, வெளியே மூட்டம் மழையாகித் தகரக் கூரையில் விழுந்தது, பாய் சும்மா சொன்னது பலித்துவிட்டது. டாக்டரம்மா போகவில்லை, அந்த ஸ்டூலைத்தான் என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கையைப் போர்வைக்கு அடியில் விட்டாள், பாய் விட்ட மாதிரியே, உறை போட்ட சின்னக் கை, எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருந்தது. "சொல்லுங்க. எம்புட்டு?" ஒரு விரல். ஒன்றைக் காட்டு, ஒன்றைக் காட்டினால் இப்போதே எடுத்துவிடுவாள், ஓட்டை இல்லை, மணல் இல்லை, மூன்று என்றால் யோசிப்பாள், நாளைக்கு என்பாள், நாளைக்கு என்றால் சின்ன டாக்டர் கொட்டாவி விட்டுக்கொண்டு கத்தியோடு வருவான். உள்ளே மூன்று இருந்தது. நன்றாகத் தெரிந்தது, மூன்று, ஒன்று இல்லை, ஆறும் இல்லை. என் கை அந்தச் சின்னக் கையை விட்டது. போர்வைக்கு வெளியே வந்தது. வாழ்நாளில் ஒருநாளும் செய்யாத காரியம், வெளிச்சத்தில், சிஸ்டர் பார்க்க, கைத்துண்டு இல்லாமல், மூன்று விரலை நிமிர்த்திப் பிடித்தேன். டாக்டரம்மா விரலைப் பார்த்தாள். "பாய் சொன்ன மாதிரி ஒண்ணுக்கு ஆறுன்னு கணக்குப் போடணுமா?" தலையை ஆட்டினேன், இல்லை. கட்டையை வலது பக்கம் வைத்தாள், இடது பக்கம் வைத்தாள், பெட்டியை வெகுநேரம் பார்த்தாள். ரெண்டு பக்கமும் அந்த வெள்ளைக் கோடு இறங்கி ஏறிக்கொண்டிருந்தது, உழுதுவிட்டு நிழலில் நிற்கிற எருதின் பள்ளை மாதிரி, அவசரமில்லாமல். "எனக்கும் மூணுன்னுதான் தெரியுது" என்றாள், "மூணுக்கு எடுக்கலாம்." அவள் கட்டைவிரலைத் தேடிப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். அவளுக்கு அது புரிந்ததோ இல்லையோ. பிளாஸ்திரி கன்னத்து மயிரோடு உரிந்தது. கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செம்பாயியும் பாயும் தலையை முட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பது தெரிந்தது, பாயை வைத்துக்கொள்கிறேன், சந்தைக்கு வரட்டும். "நல்லா ஒரு மூச்சு இழுத்து இருமுங்க தாத்தா, நான் உருவிருவேன்" என்றாள்.

இருமினேன்.